தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் லோரா மெஷ்: ஆன்டெனா தேர்வும் நோடு அமைப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோரா மெஷ் என்பது என்ன? செல்போன் கோபுரம் இல்லாமல் செய்தி எப்படிப் போகிறது?

லோரா என்பது மிகக் குறைந்த மின்திறனில், மிக மெதுவாக, ஆனால் வெகுதூரம் தரவை அனுப்பும் ஒரு வானொலி முறை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் இருந்த சைக்ளியோ என்ற சிறு நிறுவனம் இதை உருவாக்கியது. 2012-இல் அமெரிக்காவின் செம்டெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. இந்த முறையை அடிப்படையாகக் கொண்டு 2020-இல் தொடங்கப்பட்ட திறந்த மூல மென்பொருள்தான் மெஷ்டாஸ்டிக். உள்ளங்கையில் அடங்கும் ஒரு போர்டு, அதில் ஓர் ஆன்டெனா, புளூடூத் வழியாக இணைந்த ஒரு கைப்பேசி ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு நோடு. ஒரு நோடு அனுப்பும் சிறு செய்தியைக் கேட்கும் அடுத்த நோடு அதை மறுபடி ஒலிபரப்புகிறது. அதைக் கேட்பது இன்னொன்று. இப்படி நோடுகள் பின்னிக்கொள்ளும் வலைதான் மெஷ். இடையில் சிம் கார்டும் இல்லை, இணையமும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. படமோ குரலோ இதில் போகாது. எழுத்துச் செய்தி, இருப்பிடம், தொட்டியின் நீர்மட்டம் அல்லது வெப்பநிலை போன்ற சிறு அளவீடுகள் மட்டுமே போகும்.

இதே வன்பொருளில் இயங்கும் மெஷ்கோர் என்ற வேறொரு மென்பொருளும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. இங்கே சொல்லப்படும் ஆன்டெனா விவரங்கள் இரண்டுக்கும் பொருந்தும். மென்பொருள் அமைப்பு பற்றிய பதில்கள் மெஷ்டாஸ்டிக்கிற்கு மட்டும் உரியவை.

இதற்கு அரசு உரிமம் தேவையா? ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுத வேண்டுமா?

தேவையில்லை. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005-ஆம் ஆண்டு அறிவிக்கையின் மூலம் உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. 2021-இல் வெளியான விதிகள் அந்த எல்லையை 868 வரை நீட்டின. அனுப்பும் கருவியின் திறன் அதிகபட்சம் 1 வாட், ஆன்டெனாவின் ஈட்டத்தையும் (திறனை ஒரு பக்கமாகத் திரட்டும் அளவு) சேர்த்த பயனுறு கதிர்வீச்சுத் திறன் அதிகபட்சம் 4 வாட், அலைவரிசை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ் என்பவை அதன் வரம்புகள். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான போர்டுகள் 22 டிபிஎம், அதாவது சுமார் 160 மில்லிவாட் மட்டுமே வெளியிடுபவை. ஆகவே சாதாரணக் கூரை ஆன்டெனாவுடன் அந்தத் திறன் வரம்பை மீற வாய்ப்பே இல்லை.

போர்டு வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, அது 868 அல்லது 915 வகையாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 433 வகையை வாங்கினால் அதை இந்த வலையில் சேர்க்க முடியாது. மற்றொன்று, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் கருவி வகை ஒப்புதல் அதற்கு உள்ளதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். மென்பொருளில் பகுதி என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் 865–867 எல்லைக்குள் கருவி தானே நின்றுகொள்ளும்.

மென்பொருளில் இயல்பாக வரும் லாங்ஃபாஸ்ட் அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பலரும் கவனிக்காத இடம் இது. லாங்ஃபாஸ்ட் அமைப்பின் அலைவரிசை அகலம் 250 கிலோஹெர்ட்ஸ். விதியில் இருப்பதோ 200. திறன் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அகலம் அகலம்தான். எனவே 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்திற்கு மாறிக்கொள்வதே முறையானது.

அப்படி மாறினால் வேகம் பாதியாகிவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. பரவல் எண் என்பது ஒவ்வொரு குறியீட்டையும் எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அமைப்பு; லாங்ஃபாஸ்ட்டில் அது 11. அகலத்தை 125 ஆக்கும்போது பரவல் எண்ணை 10 ஆகக் குறைத்தால் ஒரு குறியீட்டுக்கு ஆகும் நேரம் இரண்டிலும் 8.192 மில்லிவிநாடியாகவே இருக்கிறது. தரவு வேகம் நொடிக்கு 1,070 பிட் என்பதிலிருந்து ஏறத்தாழ 980 பிட் ஆகிறது. டெசிபெல் என்பது திறனின் விகிதத்தைச் சொல்லும் அலகு; 3 கூடினால் திறன் இரட்டிப்பு. ஏற்பியின் கூர்மையில், அகலம் குறைந்ததால் 3 டெசிபெல் வரவு. பரவல் எண் குறைந்ததால் 2.5 டெசிபெல் செலவு. கணக்கு ஏறத்தாழச் சமன். முன்னமைப்பை அணைத்துவிட்டு அகலம் 125, பரவல் எண் 10, குறியீட்டு விகிதம் (பிழை திருத்தத்திற்கான அமைப்பு) 4/5 என்று கையால் இட வேண்டும். அலைவரிசை இடத்தின் எண்ணையும் குழுவினர் அனைவரும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் பக்கத்து வீட்டு நோடுகூடக் கேட்காது. லாங்ஃபாஸ்ட்டில் இருக்கும் வெளியூர் நோடுகளும் கேட்கமாட்டா என்பது இதற்குத் தர வேண்டிய விலை. புதிதாகத் தொடங்கும் குழு முதல் நாளிலேயே இதை முடிவு செய்துகொள்வது நல்லது. முப்பது நோடு ஆன பிறகு மலைமேல் ஏறி ஒவ்வொன்றாக மாற்றுவது எளிதல்ல.

எத்தனை கிலோமீட்டர் எட்டும்? தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நேரடியாகப் போகுமா?

திறனை மட்டும் பார்த்தால் போகும். நிலத்தைப் பார்த்தால் போகாது. இந்த வட்டாரத்தில் மெஷ் அமைப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 45 கிலோமீட்டர். தடையற்ற வெளியில் 866 மெகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தூரத்தைக் கடக்கும்போது ஏற்படும் இழப்பு சுமார் 124 டெசிபெல். மேலே சொன்ன அமைப்பு தாங்கக்கூடிய மொத்த இழப்போ 153 டெசிபெல் அளவில் இருக்கிறது. ஏறத்தாழ 29 டெசிபெல் கையிருப்பு. ஆக, ஈட்டமே இல்லாத ஆன்டெனாவும் போதும்.

ஆனால் பூமி வளைந்திருக்கிறது. 45 கிலோமீட்டர்ப் பாதையின் நடுவில், வளிமண்டலம் அலையைச் சற்று வளைப்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், நிலம் சுமார் 30 மீட்டர் மேடாக எழுந்து நிற்கிறது. அதற்கு மேல், அலை ஒரு நூலிழையாகப் போவதில்லை; ஃப்ரெனல் மண்டலம் என்ற, நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கும் வடிவில் போகிறது. அந்த மண்டலத்தின் ஆரம் இந்தப் பாதையின் நடுவில் சுமார் 62 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால், சமதரையாக இருந்தாலும் கோடு 67 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். இடையில் குன்றுகள் வேறு. இரண்டு மாடி வீட்டின் மேல் நட்ட ஜிஐ பைப்பால் இது ஆகாது.

இதையே துண்டுகளாக்கினால் நிலைமை மாறிவிடுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் 12 கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து காரிமங்கலம் ஏறத்தாழ அதே தூரம். காரிமங்கலத்திலிருந்து தருமபுரி 20. பத்து கிலோமீட்டர்ப் பாதையில் நடுப்பகுதி மண்டலத்தின் ஆரம் 29 மீட்டராகவும் பூமியின் மேடு ஒன்றரை மீட்டராகவும் சுருங்கிவிடுகின்றன. உயரமான கட்டடங்களோ சிறு கரடுகளோ கிடைத்தால் நோடிலிருந்து நோடுக்கான இந்தத் தாவல்கள் நடைமுறைக்கு உரியவை. கூகுள் எர்த்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு வரைந்து நிலத்தின் உயர வெட்டுத்தோற்றத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போவது பணத்தை மிச்சப்படுத்தும்.

டிபிஐ எண் பெரிதாக இருந்தால் ஆன்டெனா நல்லது என்று பொருளா?

இல்லை. டிபிஐ என்பது, எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட ஈட்டத்தின் அளவு. ஆன்டெனா புதிதாகத் திறனை உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு பக்கமாகத் திரட்டுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரப் பாய்கிறது, காலடியில் உள்ள செடி காய்கிறது. வரும் தண்ணீரின் அளவு மாறுவதில்லை. நேராக நிறுத்திய கம்பி ஆன்டெனாக்களில் ஈட்டம் கூடக்கூட, அலை கிடைமட்டத்தில் மெலிந்த தட்டாகப் பரவுகிறது. 2 அல்லது 3 டிபிஐ உள்ள ஆன்டெனா மேலும் கீழும் தாராளமாக வீசும். 8 டிபிஐ உள்ள கண்ணாடியிழைக் கம்பத்தின் செங்குத்து வீச்சு மொத்தமே ஏறத்தாழ 15 பாகை.

விளம்பரத்தில் காணும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரு சாண் நீளமுள்ள ஆன்டெனாவில் 12 டிபிஐ என்று அச்சிட்டிருந்தால் அது இந்த அலைவரிசையில் நடக்காத காரியம். 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 34.6 சென்டிமீட்டர்; எல்லாத் திசையிலும் 5 அல்லது 6 டிபிஐ ஈட்டம் தரும் கம்பத்திற்கே அரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். டிபிடி (டைபோல் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட அளவு) என்று குறித்திருந்தால் 2.15 கூட்டிக்கொண்டு டிபிஐயுடன் ஒப்பிட வேண்டும்.

அப்படியானால் மலைமேல் எதை வைப்பது, மாடியில் எதை வைப்பது?

மலையில் குறைந்த ஈட்டம், சமவெளி மாடியில் நடுத்தர ஈட்டம். மக்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உயரமான இடம் கிடைத்துவிட்டது என்ற உற்சாகத்தில் இருப்பதிலேயே பெரிய கம்பத்தை அங்கே கொண்டுபோய் நடுகிறார்கள்.

கிருஷ்ணகிரி நகரம் மலையடிவாரத்திலேயே அமைந்திருக்கிறது. அத்தகைய ஓர் இடத்தில் நோடு 200 மீட்டர் உயரத்திலும், கேட்க வேண்டிய வீடு 1 கிலோமீட்டர் தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், நோடு 11 பாகை கீழே பார்க்க வேண்டும். 8 டிபிஐ கம்பத்தின் வீச்சோ கிடைமட்டத்திற்குக் கீழே 7, 8 பாகையிலேயே பாதித் திறனுக்கு இறங்கிவிடுகிறது. மாடியில் நிற்பவருக்கு அப்போதும் கேட்கும். ஒரு கிலோமீட்டரில் இழப்பு குறைவு என்பதால் அது சமாளிக்கும். சந்துக்குள் இருப்பவருக்கும், கான்கிரீட் வீட்டின் உள்ளறையில் இருப்பவருக்கும்தான் அந்தக் குறைந்த டெசிபெல்கள் தேவைப்படுகின்றன. 2 முதல் 4 டிபிஐ வரையிலான ஆன்டெனா அடிவாரத்தையும் தொலைவையும் ஒருசேரப் பார்க்கும்.

பர்கூர், மத்தூர், பாலக்கோடு போன்ற ஊர்களில் சமவெளியில் உள்ள மாடிக்கு 5 முதல் 6 டிபிஐ உள்ள கண்ணாடியிழை ஆன்டெனா பொருத்தம். சுற்றியுள்ள நோடுகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால் தட்டையான வீச்சு வீணாவதில்லை. எதுவானாலும் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒன்று நின்றும் மற்றொன்று படுத்தும் இருந்தால் முனைவாக்கம் (அலை அதிரும் திசை) பொருந்தாமல் 20 டெசிபெல் வரை இழக்க நேரிடும். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் கட்டுவதும் வழக்கமான தவறு. நிரம்பிய தொட்டி அந்தத் திசையையே மறைத்துவிடும். தொட்டியின் தலைக்கு மேல் ஆன்டெனா முழுவதும் எழுந்து நிற்க வேண்டும்.

யாகி ஆன்டெனா எப்போது பயன்படும்?

இரண்டு நிலையான இடங்களை மட்டும் இணைக்கும்போது. யாகி என்பது பல குறுக்குக் கம்பிகள் கொண்ட, ஒரே திசையை நோக்கும் ஆன்டெனா. ஐந்து கம்பி யாகி ஒன்று சுமார் 9 டிபிஐ தரும். பின்புறத்தைப் பெருமளவு அடைத்துவிடும். அஞ்செட்டிப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து மேட்டிலுள்ள ஒரே ஒரு நோடைப் பிடிப்பதற்கு அது சரியான கருவி. சுற்றிலும் உள்ள பலருக்கும் அஞ்சல் செய்ய வேண்டிய நோடில் யாகியை வைத்தால் அது ஒரு திசையைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டதாகும். யாகியின் கம்பிகளும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். வீட்டு மாடிகளில் பழைய டிவி ஆன்டெனாவைப் பார்த்த பழக்கத்தில் பலர் படுக்கையாகக் கட்டிவிடுகிறார்கள்.

போர்டுடன் வரும் குட்டி ஆன்டெனா போதாதா?

மேசைமேல் வைத்துச் சோதிக்கப் போதும். அதற்கு மேல் அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம். ஆனால் ஆன்டெனா இல்லாமல் மட்டும் கருவிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. வெளியேற வழியில்லாத திறன் திரும்பிவந்து அனுப்பும் பகுதியைக் கெடுக்கக்கூடும்.

வாங்கும்போது இணைப்பியைக் கவனிக்க வேண்டும். எஸ்எம்ஏ வகையும் ஆர்பி-எஸ்எம்ஏ வகையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும், மரையும் பொருந்தும். ஆனால் நடு ஊசி தொடாது. எஸ்எம்ஏ ஆண் முனையில் ஊசி இருக்கும்; ஆர்பி வகை ஆண் முனையில் துளை இருக்கும். வைஃபை ரௌட்டர் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் ஆர்பி வகை, அவை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரியவை என்பதால் எப்படியும் இங்கே உதவா. போர்டில் உள்ள மிகச்சிறிய ஐபெக்ஸ் இணைப்பியோ முப்பது முறை அளவுக்குக் கழற்றி மாட்டவே வடிவமைக்கப்பட்டது. அதில் ஒருமுறை சிறு கேபிளைப் பொருத்திவிட்டு, இனி மாற்றுவதையெல்லாம் அதன் மறுமுனையில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

ஆன்டெனாவை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், கால் அலை கிரவுண்ட் பிளேன் என்ற வகை செய்வதற்கு மிக எளிது, நாற்பது ரூபாய்க் கம்பியில் செய்தாலும் கடையில் வாங்கும் பல ஆன்டெனாக்களைவிட நன்றாக வேலை செய்யும்.

நான்கு மூலைகளிலும் துளையுள்ள சதுர அடித்தட்டு கொண்ட என்-வகைப் பெண் இணைப்பி ஒன்று வேண்டும். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பி செம்பு ஒயரின் உறையை உரித்து, 8.7 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை இணைப்பியின் நடு முனையில் நேராகப் பற்றவைக்க வேண்டும். சுமார் 9 சென்டிமீட்டர் துண்டுகள் நான்கை மூலைத் துளைகளில் சிறு போல்ட்டால் இறுக்கி அல்லது பற்றவைத்து, குடைக்கம்பிபோல 45 பாகை கீழ்நோக்கி மடக்க வேண்டும். கிடையாகவே விட்டால் ஆன்டெனாவின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 36 ஓம் அளவில் நிற்கும். கீழே மடக்குவதால் அது கேபிளுக்கு உரிய 50 ஓமை நெருங்குகிறது.

நடுக்கம்பியை வேண்டுமென்றே நீளமாக விட்டது நறுக்கிச் சரிசெய்வதற்காக. இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் ஒத்ததிர்வு, அதாவது ஆன்டெனா சிறப்பாக இயங்கும் அலைவரிசை, சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். பொதுவாக 8.2 சென்டிமீட்டர் அருகே வந்து 866-இல் நிற்கும். கடைசி இரண்டு மில்லிமீட்டரைக் கட்டிங் பிளேயரால் வெட்டாமல் அரத்தால் தேய்ப்பது மேல். மழைக்குப் பாதுகாப்பாகப் பிவிசி குழாயால் மூடப்போவதானால், மூடிய நிலையிலேயே அளக்க வேண்டும். பிளாஸ்டிக் பக்கத்தில் வந்தாலே ஒத்ததிர்வு சற்று இறங்கிவிடும்.

அளப்பதற்குக் கருவி அவசியமா?

ஒரு குழுவிற்கு ஒன்று இருந்தால் போதும். நானோவிஎன்ஏ என்ற சிறு கருவியின் 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் அடிப்படை மாடலே இங்கே போதுமானது. கேபிளின் முனையில், ஆன்டெனா இணையும் இடத்தில், திறந்த, குறுக்கிணைத்த (ஷார்ட்), 50 ஓம் முனைகளைக் கொண்டு முதலில் அதைச் சீரமைக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு எடுத்த அளவுக்குப் பொருள் கிடையாது.

நிலை அலை விகிதம் என்பது ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பிவருகிறது என்பதைக் காட்டும் எண். அது 1.5 என்றால் 4 விழுக்காடு திறன் திரும்புகிறது. 2 என்றால் 11 விழுக்காடு. 3 என்றால் 25. இரண்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 1.3-ஐ 1.1 ஆக்குவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பவர் அந்த நேரத்தில் பைப்பை இரண்டு மீட்டர் உயர்த்தியிருக்கலாம். இன்னொன்று: விகிதம் நன்றாக இருப்பதால் மட்டும் ஆன்டெனா நன்றாக வீசுகிறது என்று சொல்ல முடியாது. 50 ஓம் மின்தடை ஒன்றை மாட்டினால்கூட விகிதம் 1 என்றுதான் காட்டும்.

எந்தக் கேபிள்? டிஷ் கேபிளைப் பயன்படுத்தலாமா?

இந்த அலைவரிசையில் கேபிள்தான் திருடன். பத்து மீட்டர் நீளத்திற்கு மெல்லிய ஆர்ஜி-174 சுமார் 11 டெசிபெல் விழுங்கும். அனுப்பிய திறனில் பத்தில் ஒரு பங்குகூட ஆன்டெனாவைச் சேராது. ஆர்ஜி-58 என்றால் 5 டெசிபெலுக்கு மேல். எல்எம்ஆர்-400 என்றால் 1.3, ஆனால் அது தடிமனானது, விலையும் அதிகம், சிறு நகரங்களில் எளிதாகக் கிடைப்பதுமில்லை.

ஆர்ஜி-6 என்ற டிஷ் கேபிள் அரூர், ஊத்தங்கரை வரை எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கிறது. அது 75 ஓம் கேபிள் என்று சொல்லிப் பலர் ஒதுக்குகிறார்கள். 50 ஓம் அமைப்பில் 75 ஓம் கேபிளைச் சேர்ப்பதால் வரும் பொருத்தமின்மை இழப்பு ஒரு சந்திப்பில் 0.2 டெசிபெலுக்கும் குறைவு. பத்து மீட்டருக்குக் கேபிளின் சொந்த இழப்பு 2 டெசிபெல் அளவு. ஆக, ஆர்ஜி-58-ஐவிட அது மேலானது. எஃப்-வகை முனையை என் அல்லது எஸ்எம்ஏ வகைக்கு மாற்றும் இணைப்பான்கள் தரமானவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது கேபிளே இல்லாமல் செய்வது. போர்டையும் பேட்டரியையும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஆன்டெனாவின் அடியிலேயே கட்டிவிட்டால் இழப்பு அரை டெசிபெலுக்குள் முடிந்துவிடும்.

மேலே வைக்கும் நோடுக்கு மின்சாரம் எப்படி?

போர்டில் உள்ள சிப்பைப் பொறுத்தது. இஎஸ்பி32 சிப் கொண்டவை விலை குறைந்தவை, வைஃபையும் உண்டு, ஆனால் சுமார் 100 மில்லிஆம்பியர் இழுக்கும். 3,000 மில்லிஆம்பியர்-மணி கொண்ட 18650 செல் ஒன்று ஒரு நாளைச் சற்றே தாண்டும். என்ஆர்எஃப்52840 கொண்டவை பத்து மில்லிஆம்பியர் அளவில் ஓடும்; அதே செல் பத்து நாளை ஒட்டி வரும். வீட்டு இணைப்பு உள்ள மாடிக்கு முதலாவது போதும். சூரியத் தகட்டில் ஓடும் குன்று நோடுக்கு இரண்டாவதைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் வெயிலே இல்லாத அடைமழையையும் அது தாங்க வேண்டும்.

வெயிலும் ஒரு சிக்கல். லித்தியம் அயான் செல்லை 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் அடைத்த பெட்டியின் உட்புறம் அதை எளிதில் தாண்டும். பெட்டி வெள்ளை நிறத்தில், சூரியத் தகட்டின் நிழலில், தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையே காற்றோட்டம் விட்டு அமைய வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் வெப்பத்தைக் கூடுதலாகப் பொறுக்கும். ஆனால் போர்டில் உள்ள சார்ஜர் 4.2 வோல்ட்டுக்கு உரியது என்பதால் அவற்றை நேரடியாக இணைக்கக் கூடாது, தனிச் சார்ஜர் வேண்டும்.

மாந்தோப்புக்கு நடுவில் வீடு. சிக்னல் குறைகிறது, என்ன செய்வது?

இலைகளில் உள்ள நீர் அலையை உறிஞ்சுகிறது. மா எப்போதும் பசுமையாக நிற்கும் மரம் என்பதால், இலையுதிர்காலத்தில் சரியாகும் என்று காத்திருக்கவும் வழியில்லை. மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசமாகும். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோப்புகளில் திறனைக் கூட்டியோ பெரிய ஆன்டெனா வாங்கியோ பயனில்லை. மரத்தின் உச்சியைத் தாண்டி இரண்டு மீட்டராவது ஆன்டெனா எழ வேண்டும். முடியாவிட்டால், தோப்பின் ஓரத்தில் மோட்டார் கொட்டகையின் மேல் ஒரு நோடும் வீட்டில் ஒரு நோடுமாக இரண்டாகப் பிரிப்பது நல்லது.

ரௌட்டர் என்ற பொறுப்பை யாருக்குக் கொடுப்பது? எத்தனை தாவல் வைப்பது?

மெஷ்டாஸ்டிக்கில் ஒரு செய்தியைக் கேட்ட நோடு சற்றுக் காத்திருக்கும். அதற்குள் வேறொன்று அதை மறுபடி அனுப்பிவிட்டால் தான் அமைதியாகிவிடும். பலவீனமாகக் கேட்ட நோடு, அதாவது தொலைவில் இருப்பது, முந்திக்கொள்ளும். ரௌட்டர் பொறுப்பில் உள்ள நோடு இந்த மரியாதையைப் பார்க்காது. எப்போதும் முதலில் பேசும். உண்மையிலேயே நாற்புறமும் பார்க்கும் உயரத்தில் இருந்தால் இது வரம். தெருவில் ஒரு மாடி வீட்டில் இருக்கும் நோடை ரௌட்டராக்கினால், தொலைவிலுள்ள நல்ல நோடு வாய்திறக்கும் முன் இது பேசி அதை அடக்கிவிடும். செய்தி ஊரைத் தாண்டாது.

வீட்டு மாடிகள் அனைத்தும் இயல்பான கிளையன்ட் பொறுப்பிலேயே இருக்கட்டும். மாடியில் ஒன்று வைத்திருப்பவர் கையில் வைத்திருக்கும் இரண்டாவதை, பிறர் செய்தியை மறுபடி அனுப்பாத கிளையன்ட் மியூட்டில் வைக்கலாம். தாவல் எண், அதாவது ஒரு செய்தியை எத்தனை முறை மறுபடி அனுப்பலாம் என்பது, இயல்பாக 3, அதிகபட்சம் 7. மேலே சொன்ன கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரிப் பாதையில் மறுபடி அனுப்ப வேண்டிய இடைநோடுகள் இரண்டே என்பதால் தேவை இரண்டுதான். எண்ணை 7 ஆக்கினால் தூரம் கூடுவதைவிட நெரிசலே கூடும்.

மலைகளில் நோடு வைக்க அனுமதி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். கிருஷ்ணகிரிக் கோட்டையும் இராயக்கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். பாறையில் ஆணியடிப்பதற்கு அங்கே இடமில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் ஒரு பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. யானை நடமாட்டமும் உண்டு. அங்கே இரவில் பெட்டியைப் பார்க்கப் போவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நடைமுறைக்கு ஏற்றது பட்டா நிலம். வத்தல்மலையில் ஊர்களும் தோட்டங்களும் இருக்கின்றன. உரிமையாளரின் சம்மதத்துடன் அவர் வீட்டு மாடியில் ஒரு சிறு பெட்டி வைப்பது சரியான வழி. பெட்டியின்மேல் இது என்ன கருவி, யாரைக் கேட்பது என்று தமிழில் எழுதி ஒட்டினால் சந்தேகத்திற்கு இடமிருக்காது. குரங்குகள் உள்ள இடமானால் தொங்கும் கேபிள் ஒரு சாண்கூட வெளியில் தெரியக் கூடாது.

தமிழில் செய்தி அனுப்பலாமா?

அனுப்பலாம், நீளம்தான் குறையும். ஒரு செய்தியில் சுமார் 200 பைட் அடங்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மூன்று பைட். வணக்கம் என்று அனுப்பினாலே 21 பைட் போய்விடும். சுருக்கமாக, தந்தியடித்த காலத்தை நினைத்து எழுதினால் ஒரு வாக்கியம் தாராளமாக அடங்கும். 200 பைட் செய்தி காற்றில் இருக்கும் நேரம் சுமார் 2 விநாடி. அந்த நேரம் முழுவதும் சுற்றியுள்ள மற்ற நோடுகள் காத்திருக்கின்றன என்பதை நினைவில் கொள்வது நல்லது.

நாம் பேசுவதை மற்றவர் படிக்க முடியுமா?

இயல்பான சேனலின் மறையாக்கச் சாவி உலகறிந்தது. அதில் எழுதுவது பொதுவில் எழுதுவதற்குச் சமம். குழுவுக்கெனத் தனிச் சேனல் உருவாக்கிப் புதிய சாவியை ஏற்படுத்தி, அதை க்யூஆர் குறியீடாக நேரில் கொடுக்க வேண்டும். இருப்பிடத்தைப் பகிரும் வசதியைப் பொதுச் சேனலில் அணைத்துவைப்பது நல்லது.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

ஏப்ரல், மே மாதக் கோடை மழை இங்கே மின்னலோடுதான் வருகிறது. ஆன்டெனா நிற்கும் இரும்புப் பைப்பைத் தடித்த செம்புக் கம்பியால் நேராக நிலத்தடி எர்த் கம்பிக்கு இணைக்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் வருவதானால் நுழையும் இடத்திற்கு வெளியே வாயு வெளியேற்றக் குழல் வகைக் காப்பான் ஒன்றைப் பொருத்தி, அதையும் அதே எர்த்துடன் சேர்க்க வேண்டும். இவை அருகில் விழும் மின்னலின் தூண்டு மின்னழுத்தத்திற்குப் பாதுகாப்பு. நேரடியாக விழுந்தால் எதுவும் மிஞ்சாது. பெட்டியோடு மேலேயே நிற்கும், வீட்டுடன் கம்பித் தொடர்பே இல்லாத நோடு இந்த வகையிலும் மேலானது: போனால் அது மட்டும்தான் போகும்.

எல்லாம் சரியாக வைத்தும் சில செய்திகள் போய்ச் சேருவதில்லை. எங்கே தேடுவது?

முதலில் செயலியில் உள்ள பாதைத் தேடலை இயக்கி, எந்தத் தாவலில் அறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் சிக்னல்–இரைச்சல் விகிதம் காட்டப்படும். பரவல் எண் 10-இல் மைனஸ் 15 டெசிபெல் வரை கருவியால் பிரித்தறிய முடியும். மைனஸ் 12, 13 என்று இருந்தால் அந்த இணைப்பு விளிம்பில் நிற்கிறது, மழையிலோ பகல் வெப்பத்திலோ அறும். அந்தத் தாவலின் இரு முனைகளில் எளிதாக உயர்த்தக்கூடியதை உயர்த்த வேண்டும்.

விகிதம் நன்றாக இருந்தும் செய்தி தொலைந்தால் நெரிசலைச் சந்தேகிக்கலாம். சேனல் பயன்பாடு, அதாவது அலைவரிசை பேச்சில் இருக்கும் நேரம், 25 விழுக்காட்டைத் தாண்டினால், இருப்பிடத்தையும் அளவீடுகளையும் அடிக்கடி அனுப்பும் நோடு எது என்று கண்டுபிடித்து இடைவெளியை நீட்ட வேண்டும். இணைய வழியாக வெளியூர்ச் செய்திகளை எம்க்யூடிடி என்ற செய்தி முறை மூலம் உள்ளே கொட்டும் நோடு இருந்தால் அதை நிறுத்த வேண்டும்.

ஒரு நோடு மட்டும் திடீரென்று மந்தமானால் அதன் இணைப்பிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். வெறும் இன்சுலேஷன் டேப் வெயிலில் ஓராண்டில் உரிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்ற வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விட்டால், வழிந்துவரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.